ஒன்றைத் தட்டினால் பதினொன்று

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் மெதுவாகத் தட்டினேன். மேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் முதலில் மணல் விழுந்தது. அடுத்து விபூதி. கடைசியாக ஒரே ஒரு எள்.

எள்ளைப் பார்த்ததும் சேதுராமு அண்ணாச்சி குனிந்து அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். யாரோ ஒருவர் தன் தகப்பனுக்குத் தண்ணீரோடு விட்ட எள், கையில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருக்கும். கடைசியில் ஜன்னலைத் திறந்து, காக்கைகள் உட்காரும் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு வந்தார்.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற சந்து ஒன்றில் அவருடைய லாட்ஜ். நான் ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவன். அந்த வரவேற்பு மேசையின் கீபோர்டுக்காக என்னை அவர் கூப்பிடுவது அது முதல் தடவை இல்லை.

“என்ன தம்பி, பொழைக்குமா?” என்றார்.

“தண்ணி பட்டிருக்கு அண்ணாச்சி.”

அண்ணாச்சி திரும்பினார். மேசைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருந்த ஜெனோவாவைப் பார்த்தார். அந்த மேசையில் உட்கார்ந்து ரூம் பதிவு செய்கிற பெண் அவர்தான். பாம்பனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். ஜெனோவா தன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூடி இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

“நான்தான் சொன்னேன்ல,” என்று அண்ணாச்சி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தண்ணீர் பட்டிருக்கிறது என்று நான் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. என்ன தண்ணீர், எங்கிருந்து வந்தது என்ற மீதிப் பாதி அப்போது எனக்கே தெரியாது.

கவிழ்த்தால் ஊர் விழும்

என் வேலையைப் பற்றி நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், “கீபோர்டை எல்லாம் யாராவது ரிப்பேர் செய்வார்களா, கெட்டால் புதிதாக மாற்றிவிட வேண்டியதுதானே?” என்று கேட்டிருந்தார். எங்கள் கடை முதலாளி ஜபருல்லா பாயும் இதையேதான் சொல்வார். சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர்.

“ஏலே காளி, புதுச மாட்டிட்டு வந்துக்கிட்டே இரு. ஒவ்வொரு பட்டனா கழட்டித் தொடைச்சுக்கிட்டு இருந்தா நீ பெருநாளைக்குத்தான் கடைக்குத் திரும்புவ.”

அவர் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் புதிதாக மாட்டியதும் கெட்டுப்போனால் என்ன செய்வது? அப்போது யாராவது ஒருவர் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். எங்கள் கடையில் அந்த ஒருவர் நான்.

இந்த வேலையில் ஒரு சின்ன சுவாரஸ்யம் உண்டு. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் அந்த ஊர் விழும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து அரிசி ஆலையில் உமி விழும். பாம்பன் ஐஸ் கம்பெனியில் மீன் செதில் விழும். வெளிச்சத்தில் பிடித்தால் சின்னக் கண்ணாடி மாதிரி மின்னும். காரங்காட்டில் படகுச் சவாரிக்குச் சீட்டுக் கொடுக்கும் இடம் ஒன்றில் எறும்புக் கூட்டமே குடும்பத்தோடு இறங்கி வந்தது. டிக்கெட் எழுதுகிறவர் மிக்சர் தின்றுகொண்டே எழுதுபவர்.

கடலோர ஊர்களில் இதற்கெல்லாம் மேலே உப்பு. அது விழாது. ஒட்டிக்கொள்ளும். காலையில் ஈரத்தை இழுத்து நசநசக்கும், மதியம் வெயில் ஏறியதும் காய்ந்து நல்ல பிள்ளையாகிவிடும். நான் ராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேருவது மதியம். எந்த பட்டனைத் தட்டினாலும் ஒழுங்காக விழும்.

“காலைல வந்து பாருங்க சார். நீங்க வந்தா மட்டும் இது யோக்கியமா நடிக்கிது,” என்று ஜெனோவா முதல் தடவையே சொன்னார். எல்லா வாடிக்கையாளர்களும் சொல்வதுதானே என்று அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பதினொன்றாம் ரூம்

சேதுராமு அண்ணாச்சியின் கீபோர்டுக்கு வந்த நோய் இதுதான். வலது ஓரத்து எண் பட்டன்களில் ஒன்றாம் எண்ணைத் தட்டினால் சில நேரம் ஒன்று இரண்டு தடவை விழும். நான்கும் ஏழும் சில நேரம் விழவே விழாது. மேல் வரிசையில் இருக்கிற எண்கள் ஒழுங்காக வேலை செய்தன. ஜெனோவா இதைக் கண்டுபிடித்து, மேல் வரிசையிலேயே தட்டிப் பழகியிருந்தார். ஆனால் கூட்டம் நெருக்கும்போது கை பழைய வழக்கத்துக்கு வலது பக்கம் போய்விடும்.

ராமேஸ்வரத்தில் காலை நேரம் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். கோயிலுக்குள் எல்லாத் தீர்த்தமும் ஆடிவிட்டு, துணி சொட்டச் சொட்ட ஆட்கள் லாட்ஜுக்கு வருவார்கள். எல்லாருக்கும் ரூம் உடனே வேண்டும். எல்லாருக்கும் குளிர். பாதிப் பேர் பேசும் மொழி நமக்குத் தெரியாது.

அப்படி ஒரு காலையில் வடநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒன்றாம் ரூம் கொடுத்திருக்கிறார் ஜெனோவா. அச்சாகி வந்த சீட்டில் பதினொன்று என்று இருந்தது. ரூம் பார்க்கும் வேலு அண்ணன் சீட்டை மட்டும் பார்ப்பவர். பெரியவரையும் அவர் பெட்டிகளையும் அழைத்துக்கொண்டு போய், பொதுச் சாவியால் பதினொன்றாம் ரூமைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒரு குடும்பத்துப் பெண்கள் ஈரப் புடவை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தம் சந்து முனை டீக்கடை வரைக்கும் கேட்டதாம். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு ரூமே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அந்தப் பெண்களின் வீட்டு ஆண்கள் கீழே வந்து, அண்ணாச்சிக்குப் புரியாத மொழியில், நன்றாகப் புரிகிற மாதிரி திட்டினார்கள். அவர் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலு அண்ணன் தன் மேல் தப்பு வராமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரர். “கருவாடு காயப் போட்ட கைல்ல. கம்ப்யூட்டரும் சேந்து காயுது,” என்றாராம்.

“ஆமாண்ணே. எங்கம்மாட்ட நெத்திலி வாங்கித் திங்கிறப்ப மட்டும் அந்தக் கை மணந்துச்சு,” என்றாராம் ஜெனோவா.

அண்ணாச்சி அப்படிக் கேலி பேசுகிற ஆள் இல்லை. அவர் சொன்னது அதைவிடக் கடினமாக இருந்தது. “அந்தப் பிள்ளைக்குக் கைராசி சரியில்ல” என்று நிதானமாகச் சொன்னார். கீபோர்டு மாற்றியது அதற்குள் மூன்றாவது. மூன்றும் ஜெனோவா கையில்தான் கெட்டுப்போயிருக்கின்றன. விலை ஒரு பொருட்டில்லை, ஆனால் இது நல்லதற்கில்லை என்பது அவர் கணக்கு.

“ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள்ள இது நேராகலைன்னா, எங்க அக்கா மகன் பிரபுவ இங்கன உக்கார வச்சிருவேன். அவனும் படிச்சிட்டு வீட்லதான் சும்மா கெடக்கான்.”

இதை அவர் ஜெனோவாவை முன்னால் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எள் விழுந்த அன்றைக்குத்தான்.

முற்றுப்புள்ளி

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பின்னால் வருவதற்கு இது வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யா கண்மாய்த் தண்ணீரை நம்பி இருக்கிற வயல்களில் கூலிக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று சொன்னபோது, “தொட்டுக் கும்பிட்டுட்டு உக்காருலே” என்றார். 

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். உள்ளே ஒவ்வொன்றும் மஞ்சள் துணி போர்த்தி இருக்கும். துணியை விலக்கும்போது சார் முகத்தில் ஒரு பயபக்தி தெரியும். முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு பட்டன் தட்டலாம் என்றார். வரிசையாக ஏ, பி, சி என்று தட்டிக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவில் என் பெயர் நடுவில்தான் இருந்தது. ஆனால் நான் வரிசையில் கடைசியில் போய் நின்றிருந்தேன். என் முறை வந்தபோது இசட்டும் முடிந்திருந்தது. சார் யோசித்துவிட்டு, “முற்றுப்புள்ளி வை” என்றார்.

தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைத்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு சார் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தார். திரைக்கு ஒரு பொட்டு, பெட்டிக்கு ஒரு பொட்டு. கீபோர்டுக்கு எங்கே வைப்பது என்று பார்த்து, அகலமான ஒன்றில் இருக்கட்டும் என்று என்டர் பட்டனில் வைத்தார். சந்தனம் இறங்கிக் காய்ந்து, அரைப் பரீட்சை வரைக்கும் அந்த என்டர் அமுங்கவில்லை. ஒருவரும் சாரைக் குறை சொல்லவில்லை. சாமிக்கு வைத்தது இறுகிப் போனால் அது யார் குற்றம்?

பின்னாளில் டிப்ளமா படித்தபோது கூடப் படித்தவர்களிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு முழுசாக வரவில்லை.

மஞ்சள் ஓரம்

தற்காலிகமாக ஒரு பழைய கீபோர்டை அங்கே மாட்டிவிட்டு, எள் விழுந்ததைக் கடைக்கு எடுத்து வந்து திறந்தேன். திறப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பட்டன்களை நெம்பி எடுத்து, பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால், உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். அதற்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்கள். தாளில் மெல்லிசாகக் கோடுகள் ஓடும். பட்டனை அமுக்கும்போது மேல் கோடும் கீழ்க் கோடும் தொட்டுக்கொள்ளும். அதுதான் எழுத்து.

கடற்காற்று உப்பாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் அப்படி இல்லை. இடது பக்கம் சுத்தம். வலது ஓரத்தில் மட்டும் வட்ட வட்டமாக, துளி விழுந்து காய்ந்த தடம். யாத்ரீகர்களின் ஈரத் துணியிலிருந்து சொட்டியிருந்தால் அவர்கள் வந்து நிற்கும் பக்கம், அதாவது மேல் வரிசையில் விழுந்திருக்கும். பாட்டில் கவிழ்ந்திருந்தால் ஒரே குளமாக ஓடியிருக்கும். இது தெளித்த தடம்.

ஒரு வட்டத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். கடல்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டுக் கொட்டகைச் சுவர் இப்படித்தான் இருக்கும். மஞ்சள் தண்ணீரை மாவிலையில் தோய்த்துத் தெளித்தால் காய்ந்தபின் இந்த நிறம்தான் வரும்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்து ராமேஸ்வரம் போனேன். ஜபருல்லா பாயிடம் காலையில் பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்றேன். “போலே, போ. மண்டபம் பக்கம் போறப்பவாச்சும் காத்து வாங்கு” என்றார்.

சரியான நேரத்துக்குத்தான் போயிருந்தேன். அண்ணாச்சி அப்போதுதான் கடலிலிருந்து வந்தார். ஈர வேட்டி, கையில் பித்தளைச் செம்பு, செம்பில் அக்னி தீர்த்தத்துத் தண்ணீர். உள்ளே போய் மஞ்சள் கலந்து, மாவிலைக் கொத்தோடு வெளியே வந்தார். வாசல்படி, நிலை, சாமி படம், கல்லாப் பெட்டி, சாவிப் பலகை என்று ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டே மேசைக்கு வந்தார். ஜெனோவா முன்கூட்டியே எழுந்து ஒதுங்கி நின்றுகொண்டார். மேசையின் வலது பக்கம் நின்று, கண்ணை மூடி, கம்ப்யூட்டருக்கு நிறைவாகத் தெளித்தார் அண்ணாச்சி. ஜெனோவா நின்ற பக்கம் ஒரு துளியும் போகாமல் கையைத் திருப்பிக்கொண்டார். வேறு சாமி கும்பிடுகிற பெண் என்று அவர் காட்டிய மரியாதை அது.

அவர் மாடிக்குப் போனதும் ஜெனோவா துப்பட்டா நுனியால் கீபோர்டைத் துடைத்தார். மேலே நின்ற தண்ணீர் போனது. உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கவனித்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றார். குரலில் ஆச்சரியம் இல்லை.

“உங்களுக்கு முன்னயே தெரியுமா?”

“பாம்பன்ல பொறந்தவளுக்கு உப்புத் தண்ணி என்ன செய்யும்னு தெரியாதா சார். வெள்ளிக்கெழம தெளிப்பாரு, சனிக்கெழம இது கிறுக்குப் பிடிக்கும்.”

“அவருக்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“துணி போட்டு மூடட்டுமா மொதலாளின்னு ஒரு தரம் கேட்டேன். ‘படணும்னுதானம்மா தெளிக்கிறது, மூடுனா எப்படிப் படும்’னாரு. கோவிக்கல. சாதாரணமாத்தான் சொன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேச?” அவர் சாவிப் பலகையைப் பார்த்தபடி சொன்னார். “உங்க தீர்த்தம்தான் மெஷினக் கெடுக்குதுன்னு நான் சொன்னா, அது கீபோர்டு விஷயமாவா இருக்கும்? வேலு அண்ணன் சந்து முழுக்கச் சொல்லிட்டு வந்துரும். கைராசி இல்லாதவன்னு அனுப்புனா வேற எடத்துல வேலை தேடலாம். சாமியப் பழிச்சவன்னு அனுப்புனா இந்த ஊர்ல எங்கன போய் நிக்க?”

நான் தோள் பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

“எங்க தெருவுல நாற்காலில உக்காந்து சம்பளம் வாங்குற மொதப் பொம்பளப்பிள்ள நான்தான். போச்சுன்னா எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மறுநாள் காலைல கருவாட்டுக் களத்துக்கு எழுப்பி விடுவாரு, அவ்வளவுதான்.” மாடிப்படியைப் பார்த்துக்கொண்டார். “நீங்களும் சொல்லிராதீங்க. நான் சொல்லிக் குடுத்துத்தான் சொல்றீங்கன்னு ஆயிரும்.”

முதல் ஆளாகப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் தோற்றால் அவர்கள் மட்டும் தோற்பதில்லை. அடுத்து வரப்போகிறவர்களின் வழியும் அதோடு அடைபடும். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளி

ஜெனோவா கேட்டுக்கொண்டபடி நான் தீர்த்தம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கியதும், கடையில் கழற்றி எடுத்திருந்த பிளாஸ்டிக் தாளைப் பையிலிருந்து எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

“இது என்ன தம்பி, எக்ஸ்ரேயா?”

“கீபோர்டுக்கு உள்ள இருக்கிறது அண்ணாச்சி. இந்தக் கோடெல்லாம் என்னன்னு நெனைக்கிறீங்க?”

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். “பெயிண்ட்டா?”

“வெள்ளி. வெள்ளிய மையாக் கரைச்சு இழுத்திருக்காங்க.”

“நெசமாவா?”

“நெசந்தான்.”

அவர் தாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அதுவரை அதை ஒரு குப்பை மாதிரி பார்த்தவர், இப்போது இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இடது பக்கக் கோடுகள் வெளிச்சத்தில் பளபளத்தன. வலது ஓரத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. அங்கே கோடு கறுத்து, இரண்டு மூன்று இடத்தில் அறுந்தே போயிருந்தது.

“இது ஏன் கருத்துப் போச்சு?”

“உப்பு அண்ணாச்சி.”

“எங்க வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கும் இப்படித்தான் கருக்கும். கடக்காத்து.” சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். “காத்துன்னா எல்லாப் பக்கமும்ல கருக்கணும்?”

 அவர் தாளைத் தூக்கி மேசையில் கீபோர்டு இருந்த இடத்துக்கு நேராகப் பிடித்தார். வலது ஓரம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தார். தான் கொஞ்ச நேரத்துக்கு முன் நின்ற இடத்தைப் பார்த்தார். செம்பு இன்னும் சாமி படத்துக்குக் கீழேதான் இருந்தது.

மேசைக்குப் பின்னால் ஜெனோவா ஒரு ரசீதுக் கட்டை எடுத்து அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார்.

“தீர்த்தம் எதையும் கெடுக்காது தம்பி,” என்றார் அண்ணாச்சி. நான் எடுக்காத வார்த்தையை அவரே எடுத்துவிட்டார்.

“பைக்குக்குத் தெளிப்பீங்கள்ல அண்ணாச்சி?”

“வெள்ளிக்கு வெள்ளி.”

“முழுசாவா?”

“முழுசா எப்படித் தெளிக்க. செயின்ல பட்டா துருப்பிடிச்சுப் போகும். முன்சக்கரத்துல மட்டும் ரெண்டு சொட்டு…”

அங்கே நிறுத்திக்கொண்டார்.

 வெளியே யாரோ ஈரக் காலோடு படியேறி வந்து, “ரூம்? ரூம்?” என்றார்கள். ஜெனோவா திரும்பி, மேல் வரிசை எண்களில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிவு செய்துகொடுத்தார். சீட்டு சரியாக வந்தது. அண்ணாச்சி அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல உள்ளதுல ஏம்மா தட்டுற? பக்கத்துலதான் தனியா இருக்குல்ல?”

“அதுல ஒண்ணு ரெண்டா விழும் மொதலாளி. அன்னைக்கு ரூம் மாறுனதுல இருந்து நான் அந்தப் பக்கம் போறதில்ல.”

அண்ணாச்சி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கைராசியைப் பற்றி முன்னே சொன்னதைத் திரும்ப எடுக்கவும் இல்லை. பிளாஸ்டிக் தாளை என்னிடம் கொடுக்கும்போது, “வெள்ளின்னு மொதல்லயே யாரும் சொல்லலையே” என்றார். தன்னிடம் யாரோ மறைத்துவிட்டது போல அதைச் சொன்னார்.

அமாவாசைக் காலை

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் புதுக் கீபோர்டை மாட்டப் போனேன். பழையதில் வெள்ளிக் கோடு அறுந்த இடங்களை வெள்ளி மை வைத்து ஒட்டப் பார்த்திருந்தேன். சரிவரவில்லை. ஜபருல்லா பாய், “அன்னைக்கே மாட்டியிருக்கலாம், மக்கா வரைக்கும் போயிட்டு வந்த மாதிரில்ல சுத்தி வந்திருக்க” என்றார்.

திரும்பி வரும் பஸ் எல்லாம் நிறைந்து வழிந்ததால் அமாவாசை வரை ராமேஸ்வரத்திலேயே தங்கினேன். அண்ணாச்சி ரூம் ஒன்றும் கொடுக்கவில்லை, இருந்தால்தானே. வேலு அண்ணனோடு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டேன். அவர் நெத்திலிக் கருவாடு யாரிடம் நன்றாகக் கிடைக்கும் என்று எனக்குச் சொன்னார். ஜெனோவாவின் அம்மாவிடம்தானாம்.

காலையில் கீழே இறங்கியபோது கூடம் முழுக்க ஈரக் கால்தடம். அண்ணாச்சி செம்போடு வந்தார். வாசல்படி, நிலை, சாமி படம், கல்லா, சாவிப் பலகை. மேசைக்கு வந்தார். ஜெனோவா வழக்கம்போல எழுந்தார்.

அண்ணாச்சி மாவிலையைச் செம்பில் தோய்த்தார். தெளிக்கவில்லை. அப்படியே நின்றார். மாவிலையிலிருந்து தண்ணீர் செம்புக்குள் சொட்டியது.

“அதக் கழட்டித் தூக்கிக்கம்மா,” என்றார்.

ஜெனோவாவுக்கு முதலில் புரியவில்லை. “எத மொதலாளி?”

“பட்டன் பலகையத்தான். அது உக்கார்ற எடத்துல தெளிச்சா அதுக்குத் தெளிச்ச மாதிரிதான். வீட்டுக்குத் தெளிச்சா வீட்ல உள்ளவகளுக்குத்தானே.”

ஜெனோவா ஒயரைப் பிடுங்கி, கீபோர்டை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி வெறும் மேசைக்கு நிறைவாகத் தெளித்தார். அப்புறம் கை ஒரு கணம் தயங்கியது. இத்தனை நாள் அந்தப் பக்கம் போகாமல் திருப்பிக்கொண்ட கை.

“ஒரு சொட்டு அந்தப் பக்கமும் போடுங்க மொதலாளி. எனக்கு உப்பு ஒண்ணும் செய்யாது,” என்றார் ஜெனோவா.

வரிசையில் நின்றவர்களில் தமிழ் தெரிந்த ஓர் அம்மா மட்டும் சிரித்தார். அண்ணாச்சி முகத்தை மாற்றாமல் மாவிலையை ஒரு தரம் ஜெனோவா பக்கமும் உதறினார். அவர் கீபோர்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குக் கூட்டம் இரவு வரைக்கும் ஓயவில்லை. ஒரு சீட்டும் மாறவில்லை. பிரபு ராமநாதபுரத்திலேயே இருந்தான்.

இங்கன உள்ள முறை

அதற்குப் பிறகு கீபோர்டுக்காக அந்த லாட்ஜிலிருந்து அழைப்பு வந்ததே இல்லை. என் வேலையில் இது ஒரு விசித்திரம். நன்றாக முடித்த இடத்துக்கு மறுபடி போக முடியாது.

வெகு நாள் கழித்து, பிரிண்டர் சீட்டைக் கடித்துக்கொள்கிறது என்று கூப்பிட்டார்கள். காலையிலேயே போனேன். நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மீசையை ஒழுங்காகக் கத்தரித்து, நெற்றியில் விபூதி போட்டிருந்தான்.

“ஜெனோவா இல்லையா?”

“அக்காவுக்கு ஊர்ல மாதா கோயில் திருவிழாண்ணே. லீவு. வாரக் கடைசில வந்துரும். அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன். பிரபு. மாமா லாட்ஜுதான்.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி செம்போடு படியேறி வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வாசல்படியிலிருந்து ஆரம்பித்தார்.

அவர் சாவிப் பலகைக்கு வரும்போதே பிரபு எழுந்தான். ஒயரைக் கழற்றினான். கீபோர்டை இரண்டு கையாலும் ஏந்தி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். முருகன் கோயிலில் பால்குடம் தூக்கி நிற்பவன் மாதிரி இருந்தது. அண்ணாச்சி வெறும் மேசைக்குத் தெளித்தார், அவன் மேலும் தெளித்தார், மாடிக்குப் போனார்.

“ஏன் தம்பி தூக்குற?” என்று கேட்டேன்.

“அது இங்கன உள்ள முறைண்ணே.” கையை இறக்காமலே சொன்னான். “தீர்த்தம் தெளிக்கிறப்ப இது கீழ இருக்கக்கூடாது.”

“யார் சொன்னா?”

“ஜெனோவாக்காதான் சொல்லிக் குடுத்துச்சு. தலைக்கு மேல தூக்கணும்னு சொல்லல. அது நானாச் சேத்துக்கிட்டது. மரியாதையா இருக்கும்ல.”

 அவன் மேசையைத் துடைத்து, கீபோர்டை வைத்து, ஒயரைச் சொருகினான். ஒரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வரிசையில் முதலில் நின்றவருக்கு எந்த ரூம் என்று பலகையைப் பார்த்தான்.

வலது ஓரத்தில் ஒன்றைத் தட்டினான். ஒரே ஒரு ஒன்று விழுந்தது.